மார்பகப் புற்றுக்கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்வதில் ஹார்மோன்களின் பங்கு என்ன, என்சைம்களின் பங்கு என்ன?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மார்பகப் புற்றுக்கட்டிக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைப்பதில் ஹார்மோன்களும் என்சைம்களும் என்ன செய்கின்றன? ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் அந்தக் குழாய்களையும் குறைக்கின்றனவா? அப்படியென்றால், குழாய் வளர்ச்சியையே நேராகத் தடுக்கும் பெவசிசுமாப் ஊசி மார்பகப் புற்றில் ஏன் எடுபடவில்லை? மூன்றாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் அடியிலிருந்தே வருகிறேன்.

உடலில் ஒரு செல் உயிரோடு இருக்க வேண்டுமானால் ஏதாவதொரு தந்துகி, அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய், அதற்கு 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். அதைத் தாண்டி ஆக்ஸிஜன் ஊறிப்போய்ச் சேராது. புதுக் குழாய் கிடைக்காத கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும் என்று பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். கட்டி தனக்கு வேண்டிய குழாய்களை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து வரவழைத்துக்கொள்கிறது, அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது அவர் வாதம். அப்போது பெரும்பாலோர் நம்பவில்லை. 1983-ல் ஹெரால்ட் டிவோராக்கின் குழு, குழாய்ச் சுவரைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. 1989-ல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு, குழாய்களை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். இந்தப் பதில் முழுக்க இந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும்.

வளர்ந்த மனிதரின் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் வளர்ச்சியின்றி அமைதியாக இருக்கும். காயம் ஆறும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் இதற்குப் பெரிய விலக்கு. கருப்பையின் உள்சவ்வு மாதந்தோறும் புதிதாக எழும்பும்போது அதனுடன் குழாய்களும் எழும்புகின்றன. முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் உடலத்திலும், கர்ப்ப காலத்து மார்பகத்திலும் அப்படித்தான். ஹார்மோன் சொல்ல, குழாய் வளரும். எனவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக் குழாயை வளர்ப்பது புற்றுநோய் கண்டுபிடித்த புது வித்தை இல்லை. உடலில் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஏற்பாட்டைக் கட்டி தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

இனி முதல் என்சைமுக்கு வருவோம். எல்லாச் செல்களிலும் ஹெச்.ஐ.எஃப்.-1 என்றொரு புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போது புரோலைல் ஹைட்ராக்ஸிலேஸ் என்ற என்சைம் அதன்மேல் ஓர் அடையாளம் போடுகிறது. அடையாளம் விழுந்த புரதத்தை வி.ஹெச்.எல். என்ற இன்னொரு புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த என்சைம் வேலை செய்யவே ஆக்ஸிஜன் தேவை. கட்டியின் நடுப்பகுதியில் ஆக்ஸிஜன் குறைந்தால் அடையாளம் போட முடியாது. ஹெச்.ஐ.எஃப். தங்கிவிடும், செல்லின் கருவுக்குள் போய் வி.இ.ஜி.எஃப். மரபணுவை இயக்கிவிடும். செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கிரெக் செமன்சா, பீட்டர் ராட்க்ளிஃப், வில்லியம் கெய்லின் மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஈஸ்ட்ரோஜன் இந்த வழிக்குள் பல இடங்களில் நுழைகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், உள்ள மார்பகப் புற்றுச் செல்லில், ஹார்மோனைப் பிடித்த ஏற்பி வி.இ.ஜி.எஃப். மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே போய் உட்கார்ந்து அதைத் தூண்டும். ஹெச்.ஐ.எஃப். உற்பத்தியையும் கூட்டும். ஆக, ஆக்ஸிஜன் குறையாத இடத்தில்கூடக் குழாய் கேட்கும் குரல் எழும். இன்னொரு பக்கம், வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்து வைத்துச் செயலிழக்கச் செய்யும் ஒரு மிதக்கும் ஏற்பி உடலிலேயே உண்டு. ஈஸ்ட்ரோஜன் அதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டின. வேகமும் கூடுகிறது, தடையும் தளர்கிறது.

இவையெல்லாம் புற்றுச் செல்லுக்குள் நடப்பவை. ரத்தக் குழாயின் உட்புறத்தை வேய்ந்திருக்கும் செல்களிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே ஈஸ்ட்ரோஜன் வந்த சில நிமிடங்களிலேயே, மரபணு எதையும் தொடாமல், நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்ற என்சைம் தட்டியெழுப்பப்படுகிறது. அது தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரிக்கும், உள்வரிச் செல்கள் நகர்ந்து பெருகவும் உதவும். இளம் பெண்களின் இதயத் தமனிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் தருவதாகச் சொல்லப்படும் பாதுகாப்பில் ஒரு பங்கு இதே வேலைதான். இதயத்துக்கு நல்லது செய்வது கட்டிக்கும் நல்லது செய்துவிடுகிறது.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம். ஏற்பி இல்லாத, அதாவது ஈஆர் நெகட்டிவ் கட்டிக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நினைக்கத் தோன்றும். 2007-ல் வெளியான ஓர் எலி ஆய்வில், புற்றுச் செல்களில் ஏற்பியே இல்லாதபோதும் உடலில் ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டியதும் கட்டி வேகமாக வளர்ந்தது. ஹார்மோன் வேலை செய்தது கட்டியின் மீது அல்ல, எலியின் சொந்தச் செல்கள் மீது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பிய செல்கள் கட்டிக்கு வந்து சேர்ந்து குழாய் அமைக்க உதவின. இதை வைத்து ஈஆர் நெகட்டிவ் நோயாளிக்கு ஹார்மோன் மாத்திரை தரலாம் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. மனிதரில் அவை அப்படிப் பலன் தரவில்லை. ஹார்மோனின் செல்வாக்கு புற்றுச் செல்லோடு முடிந்துவிடுவதில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புரோஜெஸ்டிரோன் பற்றிச் சுருக்கமாக. அதற்கான ஏற்பி உள்ள புற்றுச் செல்களுக்குச் செயற்கைப் புரோஜெஸ்டின்களைக் கொடுத்தால் சில வகைச் செல்கள் வி.இ.ஜி.எஃப். சுரப்பைக் கூட்டுகின்றன. மாதவிடாய் நின்ற 16,608 பெண்கள் கலந்துகொண்ட அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பிரிவு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்று ஆபத்து 26 சதவீதம் கூடியிருந்தது ஒரு முக்கியக் காரணம். கருப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்ற பெண்களில் அப்படிக் கூடவில்லை. மார்பகத்தில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த குட்டிக் கட்டிகளுக்குப் புரோஜெஸ்டின் ரத்தக் குழாய் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஓய்ந்துவிடும். அப்புறமும் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? அரோமட்டேஸ் என்ற என்சைமிடமிருந்து. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன்களை, அதாவது ஆண் ஹார்மோன்களை, அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்புத் திசு அதன் முக்கிய இருப்பிடம். மார்பகமே கொழுப்பு நிறைந்த உறுப்பு என்பதால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும் காலத்திலும் மார்பகத்துக்குள் அது தாராளமாக இருக்கக்கூடும். அனஸ்ட்ரசோல், லெட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் என்று நீங்கள் கேள்விப்படும் மாத்திரைகள் மூன்றும் இந்த ஓர் என்சைமை முடக்குபவை.

அரோமட்டேஸைத் தூண்டிவிடும் என்சைம் ஒன்றும் உண்டு. காக்ஸ்-2. வீக்கமும் அழற்சியும் உள்ள இடத்தில் அது புரோஸ்டாகிளாண்டின் இ2-வைத் தயாரிக்கிறது. அந்தப் பொருள் அரோமட்டேஸ் உற்பத்தியைக் கூட்டும், தனியாக வி.இ.ஜி.எஃப். சுரப்பையும் கூட்டும். உடல் பருமன் உள்ளவர்களின் கொழுப்புத் திசுவில் மெல்லிய அழற்சி தொடர்ந்து இருப்பதால் அங்கே இந்தச் சங்கிலி ஓய்வதே இல்லை. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் இதே பக்கம் சாய்கிறது. ஆஸ்பிரின் காக்ஸ் என்சைம்களைத் தடுக்கும் மருந்து என்பதால், இதைப் படித்ததும் "அப்படியானால் ஆஸ்பிரின் போட்டால் போதுமே" என்று தோன்றும். ஆய்வாளர்களுக்கும் தோன்றியது, சோதித்தும் பார்த்தார்கள். காக்ஸ்-2-வைத் தடுக்கும் செலிகாக்ஸிப் கொடுத்த பெரிய ஆய்வு மார்பகப் புற்று திரும்பி வருவதைக் குறைக்கவில்லை. 3,020 பேருக்கு ஆஸ்பிரினையோ போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2024-ல் வெளிவந்தது. அதிலும் பலனில்லை. சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரியும் ஒரு சங்கிலி மனித உடலில் அதே வலுவோடு இழுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினைத் தொடங்காதீர்கள்.

இதுவரை சொன்ன என்சைம்கள் பொருள்களைத் தயாரிப்பவை. இன்னொரு வகை, வெட்டுபவை. புதுக் குழாய் முளைக்க வேண்டுமென்றால் பழைய குழாயைச் சுற்றியுள்ள அடிச்சவ்வு கிழிய வேண்டும், செல்களுக்கு இடையே நிறைந்திருக்கும் கொலாஜன் வலை விலக வேண்டும். யூரோகைனேஸ் என்ற என்சைம் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பிளாஸ்மின் என்ற வெட்டும் என்சைமாக்கும். பிளாஸ்மின், எம்.எம்.பி. என்ற என்சைம் குடும்பத்தை எழுப்பிவிடும். அந்தக் குடும்பத்தில் எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 இரண்டும் அடிச்சவ்வைக் கரைப்பதில் கைதேர்ந்தவை. வலைக்குள் சிக்கிக் கிடக்கும் வி.இ.ஜி.எஃப்.பையும் எம்.எம்.பி.-9 விடுவித்துவிடும். ஹெப்பரனேஸ் என்ற மற்றோர் என்சைம் செல்களைச் சுற்றியுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் சங்கிலிகளை வெட்டி, அவற்றோடு ஒட்டியிருந்த வளர்ச்சிப் பொருள்களை அவிழ்க்கிறது. மார்பகப் புற்றுச் செல்களில் ஹெப்பரனேஸ் உற்பத்தியை ஈஸ்ட்ரோஜனே தூண்டுகிறது. ஹார்மோனும் என்சைமும் தனித்தனிக் கதைகள் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் வெட்டும் என்சைம் எப்போதும் கட்டியின் பக்கம் நிற்பதில்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். கத்தரிக்கோல் தைப்பதற்கும் துணி வெட்டும், கிழித்துப் போடவும் துணி வெட்டும். பிளாஸ்மினோஜனை ஒரு விதமாக வெட்டினால் பிளாஸ்மின் வருகிறது, குழாய்க்கு வழி திறக்கிறது. வேறு விதமாக வெட்டினால் ஆஞ்சியோஸ்டாட்டின் என்ற துண்டு வருகிறது, குழாய் வளர்ச்சியை அடக்குகிறது. ஃபோக்மனின் ஆய்வகம் அதை 1994-ல் கண்டது. மூன்றாண்டுகள் கழித்து, கொலாஜன்-18 வெட்டுப்படும்போது விழும் எண்டோஸ்டாட்டினையும் கண்டது. இரண்டும் உடலே தயாரிக்கும் தடுப்பான்கள். இரண்டும் பிறக்க வெட்டும் என்சைம்கள் வேண்டும்.

ப்ரோலாக்டின் கதை இன்னும் தெளிவானது. பால் சுரக்க வைக்கும் இந்த ஹார்மோன் முழுதாக இருக்கும்போது அதன் எடை 23 கிலோடால்டன். மார்பகச் செல்களைப் பெருக்கும் பக்கம் நிற்கும். கெதெப்சின் டி என்ற என்சைமோ எம்.எம்.பி.களோ அதை வெட்டினால் 16 கிலோடால்டன் துண்டு ஒன்று பிரிகிறது. அந்தத் துண்டு ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது. இத்தனைக்கும் மார்பகப் புற்றுச் செல்களில் கெதெப்சின் டி-யைக் கூட்டுவது ஈஸ்ட்ரோஜன்! ஒரே ஹார்மோன் ஒரு கையால் குழாயை வளர்க்கிறது, மறு கையால் அதை அடக்கும் துண்டு பிறக்கக் காரணமான என்சைமையும் தருகிறது. ஈஸ்ட்ரோஜனே அடையும் மாற்றமும் இப்படித்தான். ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ரடையாலைக் காம்ட் என்ற என்சைம் உள்ளிட்ட ஒரு வரிசை மாற்றியமைத்தால் 2-மெத்தாக்ஸி எஸ்ட்ரடையால் வருகிறது. அது குழாய் வளர்ச்சியைத் தடுப்பது என்று 1994-ல் தெரியவந்தது. மருந்தாக விழுங்கிப் பார்த்தபோது உடல் அதைச் சீக்கிரமே சிதைத்துவிட்டதால் அது மேலே போகவில்லை.

யூரோகைனேஸை அடக்கும் புரதம் பி.ஏ.ஐ.-1. அது அதிகமாக இருந்தால் நோயாளிக்கு நல்லது என்றுதானே எதிர்பார்ப்போம்? மார்பகப் புற்றில் அது அதிகமுள்ளவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுதல். பி.ஏ.ஐ.-1 இல்லாத எலிகளில் கட்டிக்குள் குழாய்கள் சரியாகவே நுழையவில்லை என்று 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. வலை அளவோடு கரைய வேண்டும், மொத்தமாகக் கரைந்துவிட்டால் முளைக்கும் குழாய்க்குப் பற்றிக்கொள்ள ஏதும் இருக்காது. இதெல்லாம் புரியும் முன்பே எம்.எம்.பி. என்சைம்களை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் வந்துவிட்டன. மாரிமஸ்டாட் அவற்றில் ஒன்று. பரவிய மார்பகப் புற்றில் அது பலன் தரவில்லை. மூட்டு, தசை வலிதான் மிச்சம். நோய் முற்றிய பிறகு கொடுத்ததும் தோல்விக்கு ஒரு காரணம். நல்ல துண்டுகளைத் தரும் வெட்டுகளையும் சேர்த்து நிறுத்தியது இன்னொரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

தைமிடின் பாஸ்ஃபாரிலேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இது குழாய் வளர்ச்சியைத் தூண்டும் என்சைம், பல மார்பகக் கட்டிகளில் மிகுதி. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையைக் கட்டிக்குள் உண்மையான நஞ்சாக மாற்றும் கடைசிப் படியைச் செய்வதும் இதுவே. கட்டி தனக்குக் குழாய் போட வைத்திருக்கும் என்சைமையே மருந்து தனக்கு ஆயுதமாக்கிக்கொள்கிறது. புற்றுநோய் மருந்துகளில் இவ்வளவு புத்திசாலித்தனமான அமைப்பு அரிது.

உங்கள் இரண்டாவது கேள்வி. ஹார்மோனைத் தடுத்தால் குழாய்களும் குறையுமா? குறையும். 1998-ல் கட்டிகளின் ரத்தக் குழாய்களை ஆராயும் ராகேஷ் ஜெயினின் குழு, ஆண்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் எலி மார்பகக் கட்டி ஒன்றில் ஹார்மோனை அகற்றிப் பார்த்தது. வி.இ.ஜி.எஃப். சரிந்தது. புற்றுச் செல்கள் சாகும் முன்பே குழாய்களின் உள்வரிச் செல்கள் சாகத் தொடங்கின. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மறிக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையைக் கொடுத்த எலிகளின் ஈஸ்ட்ரோஜன் சார்ந்த கட்டிகளில் வி.இ.ஜி.எஃப். குறைந்தது, எம்.எம்.பி. செயல்பாடு கூடி அதன் வழியாக எண்டோஸ்டாட்டினும் கூடியது. இங்கே எம்.எம்.பி. கூடியது நல்லதாக முடிந்திருக்கிறது, பாருங்கள். 1896-ல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுள்ள பெண்ணின் சூலகங்களை அகற்றிக் கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தபோது ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே யாருக்கும் தெரியாது. அந்தச் சுருக்கத்தில் ஒரு பங்கு குழாய்கள் வாடியதால் வந்திருக்க வேண்டும் என்று இன்று ஊகிக்கலாம். ஆனாலும் ஹார்மோன் மாத்திரையின் முதல் வேலை புற்றுச் செல்லின் பெருக்கத்தை நிறுத்துவது. குழாய் குறைவது உடன் கிடைக்கும் பலன்.

இனி பெவசிசுமாப். வி.இ.ஜி.எஃப்.பை நேராகப் பிடித்து முடக்கும் ஊசி. பரவிய மார்பகப் புற்றில் பாக்ளிடாக்ஸெல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்தபோது நோய் முற்றாமல் நின்ற காலம் 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதமானது. அதைப் பார்த்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008 பிப்ரவரியில் விரைவு அனுமதி கொடுத்தது. ஆனால் மொத்த ஆயுள் 25.2 மாதம், 26.7 மாதம் என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அடுத்து வந்த ஆய்வுகளில் தாமதப்படுத்திய பலனும் சிறுத்துவிட்டது. ரத்த அழுத்த உயர்வு, ரத்தப்போக்கு, குடல் துளைபடுதல் போன்ற பாதிப்புகள் மட்டும் சிறுக்கவில்லை. 2011 நவம்பரில் மார்பகப் புற்றுக்கான அனுமதி அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஐரோப்பாவில் பாக்ளிடாக்ஸெலோடு தரும் அனுமதி நீடித்தது. வேறு சில புற்றுகளில் அந்த ஊசி இன்றும் பயனுள்ள மருந்து.

ஏன் எடுபடவில்லை என்பதற்கு மேலே சொன்னவற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். குழாய் வளர வி.இ.ஜி.எஃப். மட்டுமே வழியில்லை. ஒன்றை அடைத்தால் வேறு வளர்ச்சிப் பொருள்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. குழாய்கள் வாடி ஆக்ஸிஜன் குறைந்தால் ஹெச்.ஐ.எஃப். மறுபடி எழும், குரல் இன்னும் பலமாகும். கல்லீரலுக்குப் பரவிய மார்பகப் புற்று பல சமயம் புதுக் குழாய் போடுவதே இல்லை. அங்கே இருக்கும் பழைய குழாய்களைச் சுற்றிக்கொண்டே வளர்கிறது. இல்லாத வளர்ச்சியை எந்த ஊசி தடுக்கும்? ஹார்மோன் சிகிச்சை வெற்றி பெறுவதற்குக் காரணம் அது இந்த வலையின் மேல்முனையில், பல கிளைகள் பிரியும் முன்பே கை வைப்பது என்பது என் கருத்து.

இரண்டையும் சேர்த்தும் பார்த்துவிட்டார்கள். லெட்ரசோலோடு பெவசிசுமாப் சேர்த்த அமெரிக்க ஆய்வில் நோய் முற்றாத காலம் 15.6 மாதத்திலிருந்து 20.2 மாதமாக நீண்டது. ஆயுள் நீளவில்லை, கடும் பக்க விளைவுகள் கூடின. அதனால் வழக்கத்துக்கு வரவில்லை. குழாய்களை அழிப்பதை விட, கட்டியின் கோணலான, கசியும் குழாய்களைச் சிறிது காலம் சீராக்கி அவற்றின் வழியே மருந்தை உள்ளே அனுப்புவது மேல் என்று ஜெயின் 2001-ல் முன்வைத்த கருத்து இப்போது உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளோடு சேர்த்து ஆராயப்படுகிறது.

ஹார்மோன் மாத்திரை எடுப்பவர் யாராவது இதைப் படித்தால் அவருக்குச் சில சொற்கள். இங்கே பேசிய என்சைம்களுக்கும் கடையில் விற்கும் என்சைம் மாத்திரைகளுக்கும் சம்பந்தமில்லை. அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். டமாக்ஸிஃபென் கல்லீரலில் சி.ஒய்.பி.2டி6 என்ற என்சைம் வழியாகத்தான் எண்டாக்ஸிஃபென் என்ற வீரியமுள்ள வடிவமாகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும் அந்த என்சைமை வலுவாகத் தடுப்பவை. மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் டமாக்ஸிஃபென் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு. டமாக்ஸிஃபென் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்தையும் சற்றுக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.